காதில் விழாத சேதி

என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, என்னை வாசலில் நிற்க வைத்துப் பிச்சை கேட்கப் பழக்கினாள்.

"கோவிந்தா" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

"நீதான்னு தெரியும்யா. பிச்சைக்கு வந்தவன் நான்தான்னு சொல்லுவானா? அப்பால போயி மறுபடியும் வா."

நான் குழாயடி வரை போய்த் திரும்பி வந்தேன். "கோவிந்தா, கோவிந்தா, ஏழுமலையானுக்கு மடிப்பிச்சை போடுங்கம்மா."

"எலி கத்துறாப்பல கீது. பெருமாளு ஏழு மலைக்கு அப்பால குந்திகினு கீறாரு. இந்த ஒத்தக் கதவத் தாண்ட மாட்டேங்குது உன் சத்தம்."

பக்கத்து வீட்டிலிருந்து பாயம்மா சிரித்தார்கள். "அண்ணன் பாவம், வுடும்மா. தாலி கட்டும்போதாவது உம் பேரக் கேட்டாரா இந்த மனுசன்?"

"அதையும் என் தம்பிதான் கேட்டுச் சொன்னான்" என்றாள் இவள்.

திருவொற்றியூரில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, ஒரே ஓட்டுக் கூரைக்கடியில் வரிசையாக இருந்த குடித்தனங்களில் ஒன்று எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கம். மணலிப் பக்கம் ஆயில் கம்பெனியின் நெருப்பு இரவில் வானத்தைச் சிவப்பாக்கத் தொடங்கியிருந்த சமயம். நான் ஹார்பரில் கப்பல் சரக்கு இறக்கும் கூலி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்க எனக்கு வராது. பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்காகப் பேசுவதையெல்லாம் அவளே பேசினாள்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குத் திருப்பதிக்கு நடந்தே போகிற கூட்டம் ஒன்று எங்கள் பக்கத்துப் பஜனை கோயிலிலிருந்து வருஷா வருஷம் கிளம்பும். செங்குன்றம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் என்று போவார்கள். வேண்டுதல் வைத்து நடப்பவன் எவ்வளவு வசதியாக இருந்தாலும் தெருவில் மடியேந்தி அரிசி வாங்க வேண்டும். வழியில் அந்த அரிசியைப் பொங்கித்தான் சாப்பிட வேண்டும். முதல் பிடி சொந்த வீட்டு வாசலில், வீட்டுக்காரி கையால் விழ வேண்டும். எனக்கு நடப்பதில் பயம் இல்லை. அந்த மடியேந்துவதில்தான் பயம்.

வேண்டுதல் என்னுடையது அல்ல, அவளுடையது. சில வருஷங்களுக்கு முன் ஹார்பரில் சணல் கட்டு ஒன்று கொக்கியிலிருந்து நழுவி என் வலது காலில் விழுந்தது. காலை எடுத்துவிடலாமா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இவள் வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் காலை விட்டுக்கொடு, இதே காலால் இவரை உன் மலைக்கு நடத்திக் கூட்டி வருகிறேன், நானும் கூடவே நடந்து வருகிறேன் என்று. கால் தங்கியது. கொஞ்சம் சாய்த்து வைத்து நடப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் நாங்கள் போகவில்லை. முதல் வருஷம் கால் சரியாக ஊன்றவில்லை. அடுத்த வருஷம் என் அம்மா இறந்துபோனாள். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்பும்வரை மலையேறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதற்கப்புறம் ஒரு மார்கழி ஹார்பர் ஸ்ட்ரைக்கில் போனது. பிறகு எங்களுக்கே ஒரு மெத்தனம் வந்துவிட்டது. பெருமாள் எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டோம்.

அந்த வருஷம் ஆடியில் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. வயிற்றில் கட்டி என்றார்கள். ஐப்பசியில் டாக்டர் என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேச வராதவனுக்குப் பொய் மட்டும் எப்படி வரும்?

"சரி வா, பஸ்ஸு வந்துகினு கீது" என்றாள். பஸ் ராயபுரம் பாலத்தில் ஏறும்போது ஜன்னலைப் பார்த்தபடியே, "இந்த மார்கழிக்கு நடந்துடணும்யா" என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் வாசலில் மடியேந்திக் கேட்கவும் சாலையில் நடக்கவும் பழகத் தொடங்கினோம். விடிவதற்கு முன், கம்பெனிச் சங்கு ஊதுவதற்கும் முன்னால் எழுந்து, வெறும் காலோடு எண்ணூர் போகிற சாலையில் நடப்போம். பனியில் தார் ரோடு காலுக்கடியில் ஐஸாக இருக்கும். லாரியிலிருந்து சிந்திய கரித்துண்டு குத்தும். முறிந்து சேர்ந்த இடத்தில் எலும்புக்குள் குளிர் ஏறி, பல்லைக் கடிக்க வைக்கும். முதலில் அவள்தான் எனக்கு முன்னால் போனாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. "இன்னாயா, அன்ன நட நடக்கறே" என்று திரும்பித் திரும்பிச் சிரித்தாள். பிறகு நான் அவளுக்காக நிற்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் கடலோரக் கருங்கல் மேல் உட்கார்ந்துவிட்டு, "நீ போயிட்டு வா. நான் இங்க கடல பாத்துகினு கீறேன்" என்றாள். அடுத்த நாளிலிருந்து அதே வார்த்தையை வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னாள். எங்கள் வாசலிலிருந்து கடல் தெரியாது. அவள் என்னோடு வரப்போவதில்லை என்பதை நாங்கள் இருவரும் வாய் திறந்து சொல்லிக்கொள்ளவே இல்லை.

நடந்து திரும்பியதும் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து வேப்பெண்ணெய் சுட வைத்துத் தேய்ப்பாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். பாதத்தில் தோல் தடித்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் பழுக்கல" என்பாள், மாங்காயைச் சொல்வது போல. அழுத்தும் விரலில் வலு குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது.

மார்கழி பிறந்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. கஞ்சித் தண்ணீர்கூடப் பாதிக்குமேல் தங்கவில்லை. நான் பஜனை கோயிலுக்குப் போய், கூட்டத்தை அழைத்துப் போகிறவரிடம் இந்த வருஷம் வரவில்லை என்று சொன்னேன். அவர் வெற்றிலைக் கடைக்காரர். "வூட்ட பாரு நைனா. பெருமாளு கோச்சுக்க மாட்டாரு" என்றார். மனசு லேசானது போல வீட்டுக்கு வந்தேன். அவளுடைய தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன். வெற்றிலைக் கடை வழியாக வந்தவனுக்குச் சேதி கிடைத்து, அக்காளிடம் சொல்லிவிட்டிருந்தான்.

"இன்னாவோ வரலன்னு சொன்னியாமே" என்றாள் பாயில் படுத்தபடி.

"உன்ன இப்டி வுட்டுட்டு எப்டிமே போவேன்?"

"அந்தக் காலு யாருது?"

நான் குனிந்து காலைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல, அந்தக் காலு யாருது?"

"என்னுது."

"உன்னுது அன்னிக்கே போச்சு. இது நான் கேட்டு வாங்கினு வந்தது. நான் சொல்ற எடத்துக்குத்தான் போவும்."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி பேசினாள்.

"நான் போயிட்டா ஒரு வருஷம் நீ மலையேற முடியாது. அந்த ஒரு வருஷத்துல நீ அப்டியே மூலைல குந்திடுவே. உன்ன எனக்குத் தெரியும்யா. தனியா ஒரு வாசல்ல போயி நின்னு கேக்க உனுக்கு வராது. இப்போ நான் கீறேன். இப்போ போ."

"நடுவுல உனுக்கு ஏதாச்சும்..."

"அதுக்குத்தான் இவன இட்டாந்து குந்த வெச்சிகினு கீறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. சேதி காதுல விழுந்தாதான் தீட்டு. விழாத வரைக்கும் தீட்டு கெடையாது. இவரு மலையேறி எறங்குற வரைக்கும் எனக்கு இன்னா ஆனாலும் எவனும் இவருக்குச் சொல்லக் கூடாது. இவரும் கேக்கக் கூடாது."

அவள் சொன்னது புதிதல்ல. வெளியூரில் பங்காளி ஒருவர் இறந்து, சேதி தாமதமாக வந்தால், வந்த அன்றைக்குத்தான் நாங்கள் தலை முழுகுவோம். அதுவரை கோயிலுக்கும் போவோம், கல்யாணத்துக்கும் போவோம். அந்த வழக்கத்தை ஒருத்தி தன்னுடைய சாவுக்கு முன்கூட்டியே எடுத்து வைப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"இன்னாக்கா பேசிகினு கீறே. கம்முனு கெட" என்றான் தம்பி.

"நீ கம்முனு கெட. கொள்ளி வெக்க நீ கீறே. இவருக்கு வேற வேல கீது." என் பக்கம் திரும்பினாள். "வாயத் தொறக்காம கீறது உனுக்குப் புதுசாயா? எவன் எதுக்க வந்தாலும், வூட்ல எப்டி கீதுன்னு கேட்டுடாதே. அவ்ளோதான் நான் உன்ன கேக்கறது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்து, சுருண்டு படுத்துக்கொண்டாள். நான் மறுபடியும் வெற்றிலைக் கடைக்குப் போனேன்.

சனிக்கிழமை மடியேந்தினேன். மஞ்சள் வேட்டி கட்டி, நாமம் இட்டு, துளசி மாலை போட்டுக்கொண்டேன். தம்பி அவளை இரண்டு கையாலும் தூக்கி வந்து வாசற்படியில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தான். அவள் அன்றைக்குப் புதுச் சேலை கட்டியிருந்தாள். அரிசிப் பாத்திரத்தில் கையை விட்டு அள்ளினாள். பிடி மூடவில்லை. என் மடிக்கு வருவதற்குள் விரல் இடுக்கில் பாதி கொட்டிப்போயிற்று. தம்பி குனிந்து பொறுக்கப் போனான்.

"வுடு. எறும்பு தின்னட்டும்" என்றாள்.

நான் அடுத்த வாசலுக்குப் போய் நின்றேன். பழகிய வார்த்தை எதுவும் வரவில்லை. மடியை ஏந்திக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்துதான் இருந்தன. பெண்கள் உள்ளே அரிசியோடு காத்திருந்தார்கள். ஆனால் கூப்பிடாமல் போட முடியாதே. அப்போது பின்னாலிருந்து, "கோவிந்தா" என்று அவள் குரல் கேட்டது. அடுத்த வாசலைத் தாண்டாத அளவு மெல்லிசாக இருந்தது. உடனே தம்பி ஐஸ் கம்பெனியில் கத்துகிற தன் பெரிய தொண்டையில், "கோவிந்தோ! கோவிந்தா!" என்று எடுத்துக் கூவினான். அவள் சொல்ல, அவன் கூவ, நான் வாசல் வாசலாகப் போனேன்.

பாயம்மா முறத்தில் அரிசியோடு நின்றுகொண்டிருந்தார்கள். போடத் தயங்கி, என் தலைக்கு மேலாக என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்கள்.

"நான் போட்டா உங்க சாமிக்கு ஆவுமாம்மா?"

"போடு பாயம்மா. அவரு உங்க ஜனத்துலயும் ஒரு பொண்ணு கட்டிகினு கீறாரு. உங்க வூட்டு மாப்ளதான்."

"அடி ஆத்தி" என்று பாயம்மா முறத்தோடு கொட்டினார்கள். தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னிலையில் நின்றும் எனக்கு வெட்கம் வரவில்லை. அவளை அப்படி இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்க விடுவதற்காக நான் அந்தத் தெருவை மறுபடியும் ஒரு முறை சுற்றி வரத் தயாராக இருந்தேன்.

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினோம். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"மறந்தாப்பல செருப்பு மாட்டிகினு பூடாதே" என்றாள், திரும்பாமல்.

"இல்லமே."

"ம். போ."

மணலி தாண்டி, மாத்தூர் தாண்டி வெளிச்சம் வந்தது. கூட்டத்தில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கடைசியில் நடந்தேன். கால் வலித்தது. வலித்தால் நல்லது என்றிருந்தது, நினைப்பு அதிலேயே இருக்கும். செங்குன்றத்துக்கு அப்பால் ஏரிக்கரை ஓரமாக முதல் உலை வைத்தார்கள். அத்தனை வீட்டு அரிசியும் கலந்து, ஒன்று வெந்தும் ஒன்று வேகாமலும் இருந்தது. சாப்பிட்டேன்.

மெட்ராஸிலிருந்து திருப்பதி போகும் பஸ்கள் எங்களைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு பஸ் சத்தம் கேட்கும்போதும் நான் வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னலில் தெரிந்த முகம் ஏதாவது இருந்துவிடுமோ என்று பயம். ஊத்துக்கோட்டைவரை அப்படியே போனேன். அங்கே படுத்தபோது, இன்றைக்கு யாரும் வரவில்லை, அப்படியானால் அவள் இருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். சொல்லக் கூடாது என்றுதானே ஏற்பாடு, வராததற்கு என்ன அர்த்தம் என்று உடனே தோன்றியது. பனியில் எல்லாரும் கோணியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

நாகலாபுரம் தாண்டி மலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், ஒரு பஸ் எங்களைக் கடந்து போய் நின்றது. தம்பி இறங்கினான். தலையில் துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தான். பனிக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சுற்றுவார்கள். அவன் என்னை எங்கே பார்த்தாலும் ஓடி வந்து தோளில் கையைப் போட்டு ஆட்டுகிறவன். அன்றைக்குச் சாலைக்கு அந்தப் பக்கமே, புளியமரத்தடியில் நின்றுவிட்டான். நான் இரண்டடி எடுத்து வைத்தேன்.

"மாமா, அங்கியே நில்லு" என்றான்.

நின்றேன்.

"காலு எப்டி கீது?"

"கீது."

"சாப்டியா?"

"ஆச்சு."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுவில் ஒரு கட்டை வண்டி போயிற்று. அது போன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றான். வெற்றிலைக் கடைக்காரர் வந்து, "வா தம்பி, ஒரு வாய் கஞ்சி குடி" என்று கூப்பிட்டார்.

"வேணாங்க. நான் தள்ளியே நின்னுக்கறேன்."

கடைக்காரர் முகம் மாறியது. என் பக்கம் திரும்பாமல் முன்னால் நடந்து போய், "கோவிந்தா" என்று குரல் கொடுத்தார். கூட்டம் கிளம்பியது.

கேட்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். நாக்கு நுனியில் நின்றது. வாழ்நாளெல்லாம் பேச வராமல் தவித்தவன், அன்றைக்குப் பேச வந்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அவன் அதே மரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தான்.

புத்தூரும் ரேணிகுண்டாவும் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. மலைப்படியில் அந்தக் கால் ஒரு தரம்கூட மடங்கவில்லை. மேலே முடி கொடுத்தேன். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு சன்னதிக்குள் போனேன். இந்தக் காலால இவர நடத்தி இட்டாந்துட்டேன்னு அவ சொல்லச் சொன்னா, என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். எனக்காக வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை. தள்ளிவிட்டார்கள், வெளியே வந்தேன். மற்றவர்கள் ஒரு நாள் தங்கினார்கள். நான் தங்கவில்லை.

மலையடியில், படிகள் முடிகிற இடத்தில், கடைகளுக்கு அப்பால் தனியாக ஒரு கல்லில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் மலையேறவில்லை. எனக்காக அங்கேயே காத்திருந்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். இப்போதும் கிட்டே வரவில்லை.

"எப்போடா?" என்றேன்.

"நீ கெளம்புன மறுநாளு, மாமா. வெடியக்காலைல. தண்ணி கேட்டுச்சு, பாயம்மா எடுத்தாறதுக்குள்ள..." துண்டை அவிழ்த்தான். தலை மழித்திருந்தது. "நான்தான் வெச்சேன்."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக் கேட்டேன். "அன்னிக்கு ரோட்ல நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லத்தான் மாமா பஸ்ஸு ஏறுனேன். அக்கா சொன்னது சொன்னதுதான், ஆனா மனசு கேக்கல. நீ கேப்பே, சொல்லிடலாம்னு நின்னேன்." மூக்கைத் துண்டால் துடைத்தான். "நீ கேக்கல."

அப்புறம்தான் கிட்டே வந்து என் தோளைப் பிடித்தான். எனக்கும் இப்போது தீட்டுதான், அவன் தொடலாம். இரண்டு பேரும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தோம். மெட்ராஸ் பஸ் ஒன்று கிளம்பிப் போயிற்று, நாங்கள் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை அங்கேதான் வந்தது, சத்தமாக. அந்த இடத்தில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்குமே மொட்டைத் தலை. எங்கள் இரண்டு பேரை யாரும் நின்று பார்க்கவில்லை.